தொலைவில் உள்ள சர்வரைத் தவறி அணைத்துவிடாமல் இருக்க: எந்தத் தடுப்பு எதைத் தடுக்கிறது?

மேசைமீது இருக்கும் கணினியைத் தவறி அணைத்தால் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். வேறொரு ஊரின் டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரை அணைத்துவிட்டால், அங்குள்ள யாரையாவது எழுப்பி, சரியான ரேக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் காத்திருக்க நேரிடும். ரீபூட் செய்த இயந்திரம் சில நிமிடங்களில் தானாகத் திரும்பிவிடும். பவர்ஆஃப் கொடுத்த இயந்திரம் திரும்பாது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே தடுப்பு முறைகளை எடைபோட வேண்டும்.

இந்தப் பிழையில் பெரும்பாலும் கட்டளை தவறாக இருப்பதில்லை. கட்டளை போய்ச் சேரும் இடம்தான் தவறுகிறது. மடிக்கணினியை அணைக்க நினைத்து, அதே திரையில் திறந்திருந்த, தொலைவில் உள்ள சர்வருக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சாளரத்தில் தட்டச்சு செய்துவிடுகிறோம். ஆகவே, ‘உறுதியாகவா?’ என்று கேட்கும் எளிய கேள்வியால் பயன் இல்லை. அணைக்க வேண்டும் என்பதில் அந்த நேரத்தில் நமக்கு ஐயமே இருப்பதில்லை.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் கிடைக்கும் மோலி-கார்டு என்ற சிறு மென்பொருள் பொதி இதைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. ஐபிஎம் 4341 கணினியின் பெரிய சிவப்புப் பொத்தானை ஒரு நிரலாளரின் சிறு மகள் மோலி ஒரே நாளில் இரண்டு முறை அழுத்திவிட்டதால், அதன்மேல் பொருத்தப்பட்ட கண்ணாடி போன்ற மூடியிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஷட்டவுன், ரீபூட், பவர்ஆஃப், ஹால்ட் ஆகிய கட்டளைகளுக்கு இது ஓர் உறைபோல அமைகிறது. எஸ்எஸ்எச் வழியாக வந்திருப்பவர் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால், அணைக்கப்போகும் இயந்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. மடிக்கணினியின் பெயரைக் கொடுத்தால் பொருந்தாது, கட்டளையும் நின்றுவிடும். ஒரே தொடர்பில் பல டெர்மினல்களை நடத்த உதவும் டீமக்ஸ், ஸ்கிரீன் போன்றவற்றுக்குள் இருக்கும்போது எஸ்எஸ்எச் தொடர்பை இது கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதால், எப்போதும் பெயரைக் கேட்கும்படி அதன் அமைப்புக் கோப்பில் மாற்றிவிடுவது நல்லது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்கு நேராக ‘சிஸ்டம்சிடிஎல் பவர்ஆஃப்’ என்று சுற்றுவழியில் கொடுத்தாலும் தங்கள் பதிப்பு குறுக்கே வருகிறதா என்பதை முக்கியமில்லாத ஒரு சர்வரில் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறானது, சிஸ்டம்டியில் அணைப்பை நடத்தும் பவர்ஆஃப் டார்கெட்டையே மாஸ்க் செய்துவிடும், அதாவது இயங்கவிடாமல் முடக்கிவிடும் முறை. இதில் கேள்வி எதுவும் இல்லை. சாதாரண வழியில் யார் கேட்டாலும் இயந்திரம் அணைய மறுக்கும், ரீபூட் மட்டும் வழக்கம்போல நடக்கும். பவர்ஆஃபுக்கும் ரீபூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மதிக்கும் முறை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் விலையும் பெரிது. மின்சாரம் போய் யுபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில், சர்வரை ஒழுங்காக அணைக்க முயலும் மென்பொருளும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்ளும். அப்போது மின்சாரம் திடீரென்று அறுந்து கோப்பு முறைமை பாதிக்கப்படக்கூடும். மோலி-கார்டில் இந்தச் சிக்கல் இல்லை. டெர்மினலில் மனிதர் இல்லாதபோது அது எதையும் கேட்காமல் வழிவிடுகிறது.

சிஸ்டம்டியின் இன்ஹிபிட்டர் பூட்டு வேறு தேவைக்கானது. பேக்கப் போன்ற ஒரு வேலை ஓடி முடியும்வரை மட்டும் அணைப்பைத் தடுத்துவைக்க அது பொருத்தமானது. 2024 டிசம்பரில் வந்த 257ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பூட்டு முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரையும் கட்டுப்படுத்துகிறது என்பது வரவேற்கத்தக்க மாற்றம். இருந்தாலும், வேலை ஏதும் ஓடாத நேரத்தில் இதனால் காவல் இல்லை.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட்டவுன் பொத்தானை மறைக்கும் குரூப் பாலிசி என்ற நிர்வாக விதியைப் பலர் முதலில் நாடுகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் தவறிச் சொடுக்குவதை அது தடுக்கும். கட்டளை வரியைத் தடுக்காது. சிஸ்டத்தை அணைக்கும் பயனர் உரிமையையே குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்வது அதைவிட உறுதியானது.

மேகக் கணிமையில்தான் மிகுதியான தவறான நம்பிக்கையைக் காண்கிறேன். சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் இசி2 சேவையில் 2022 முதல் ஸ்டாப் புரொடெக்‌ஷன் என்ற வசதி இருக்கிறது. அது கன்சோல் என்ற நிர்வாகப் பக்கம் வழியாகவோ, நிரல்கள் பயன்படுத்தும் ஏபிஐ வழியாகவோ வரும் கோரிக்கையை மறுக்கிறதே தவிர, சர்வருக்குள் நுழைந்து கொடுக்கும் பவர்ஆஃப் கட்டளையைத் தடுப்பதில்லை. அழிப்பைத் தடுக்கும் டெர்மினேஷன் புரொடெக்‌ஷனும் அப்படியே. உள்ளிருந்து அணைத்தால் நிறுத்துவதா, அழிப்பதா என்பதைத் தீர்மானிக்கும் தனி அமைப்பு (செட்டிங்) ஒன்று உண்டு. அது அழிப்பு என்று இருந்தால், பாதுகாப்பு போட்டிருந்தாலும் ஒரு ஷட்டவுன் கட்டளை அந்த இயந்திரத்தை இல்லாமலேயே ஆக்கிவிடும். வெளிப்பூட்டைப் போட்டு நிம்மதி அடைவதற்கு முன், அந்த அமைப்பு நிறுத்தம் என்று இருக்கிறதா என்பதை ஒவ்வொரு இயந்திரத்திலும் பார்த்தே ஆக வேண்டும்.

மனிதர்கள் எஸ்எஸ்எச் வழியாக நுழையும் எல்லா டெபியன், உபுண்டு சர்வர்களிலும் மோலி-கார்டை நிறுவி, எப்போதும் பெயர் கேட்கும்படி வைக்கவே பரிந்துரைப்பேன். அணைந்த இயந்திரத்தையும் தொலைவிலிருந்து இயக்க உதவும் ஐபிஎம்ஐ போன்ற தனி மேலாண்மை வழியும் இல்லாமல், ஆளும் அருகில் இல்லாமல் இருக்கும் இயந்திரத்தில் மாஸ்க் முறையையும் சேர்க்கலாம். அங்கே யுபிஎஸ் மென்பொருள் இயங்கினால் மட்டும் அதைத் தவிர்த்துவிடுவேன்.