99 ரூபாய் டிராகுலா வாங்கப் போகிறீர்களா? முதலில் 64-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தக விற்பனை போட்டிருந்தார்கள். வாசலில் ஃபிளெக்ஸ் பேனர்: எதை எடுத்தாலும் 99 ரூபாய், மூன்று எடுத்தால் 250. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் வருடம். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆங்கிலத்தில் ஒரு நாவலையாவது தானாக, முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். டிராகுலாவை எடுத்துக் கையில் கொடுத்தது நான்தான். அதனால்தான் இந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

நான் ராயபுரம் பக்கம் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர். டிராகுலா எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். சினிமாவில் பார்த்தவர்களுக்குக் கறுப்பு அங்கியும் கோரைப் பல்லும்தான் ஞாபகம் வரும். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897-இல் வெளிவந்த நாவல் அப்படி இல்லை. அது ஒரு ஃபைல் மாதிரி. ஒருவரின் டைரி, இன்னொருவரின் கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு, கப்பல் கேப்டன் எழுதுகிற லாக் புத்தகம் என்று தாள் தாளாகச் சேர்ந்து வரும். டிராகுலா லண்டனுக்கு எதோடு வருகிறான்? ஐம்பது மரப்பெட்டிகளில் மண்ணோடு வருகிறான். அவனை எப்படித் தேடுகிறார்கள்? பெட்டிகளை ஏற்றி இறக்கிய ஆட்களிடம் விசாரித்து, எந்தப் பெட்டி எந்த முகவரிக்குப் போனது என்று கணக்குப் பார்த்துத்தான் தேடுகிறார்கள். சரக்குக் கணக்கு பார்க்கிற ஒருவனுக்கு இதைவிட நெருக்கமான பேய்க்கதை இருக்க முடியாது.

புத்தகத்தின் அட்டை நன்றாகவே இருந்தது. கோட்டை, நிலா, வௌவால். பின்னட்டையில் 'முழுமையான, சுருக்கப்படாத பதிப்பு' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. 288 பக்கம். எழுத்து பொடிசு. இந்த நாவலுக்கு 288 பக்கம் குறைச்சலாயிற்றே என்று எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆனால் எழுத்தைச் சின்னதாக்கி அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூட இன்னும் இரண்டு புத்தகம் எடுத்து 250 கொடுத்தேன். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'புக்ஸ் 3, 250' என்று பேனாவால் எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். கடைப் பெயர் இல்லை.

அக்கா வீடு தண்டையார்பேட்டையில். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவள் சத்தமாகப் படிப்பாள், நான் கேட்பேன். முதல் பக்கத்திலேயே ஒரு விஷயம் உறுத்தியது. டிராகுலாவின் கோட்டைக்குப் போகிற வக்கீல் ஹார்க்கரின் டைரியோடுதான் நாவல் தொடங்கும். அது, அவன் பெயர், மே 3, பிஸ்ட்ரிட்ஸ் என்ற ஊர்ப் பெயர் என்று தலைப்போடு ஆரம்பிக்க வேண்டும். மியூனிக்கை விட்டு ராத்திரி 8.35-க்குக் கிளம்பியதாகவும், வியன்னாவுக்கு 6.46-க்கு வந்து சேர வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றும் அவன் எழுதுவான். இந்தப் பதிப்பில் தலைப்பே கிடையாது. நேராகக் கதைக்குள் போய்விட்டார்கள். 8.35 என்பது 3.35 ஆகியிருந்தது. சரி, அச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன்.

கோட்டையில் நடக்கிற முதல் நாலு அத்தியாயம் வரை பெரிய சிக்கல் இல்லை. எழுதுவது ஹார்க்கர் ஒருவன்தான். ஐந்தாவது அத்தியாயத்தில் இருந்து ஹார்க்கரைக் கட்டிக்கொள்ளப் போகிற மினா, அவள் தோழி லூசி, மனநல விடுதி நடத்துகிற டாக்டர் ஸீவர்ட் என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பிப்பார்கள். எல்லோருமே 'நான்' என்றுதான் எழுதுவார்கள். மேலே இருக்கிற தலைப்பு வரி ஒன்றுதான் இது யாருடைய நான் என்று சொல்லும். அந்த வரிகளை எல்லாம் இந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். சில இடத்தில் எடுக்கவில்லை, ஆனால் முந்தைய பத்தியின் வாலிலேயே ஒட்டி ஓடுகிறது. பெண் எழுதிக்கொண்டிருந்த கடிதம் அடுத்த வரியிலேயே மனநல விடுதி டாக்டரின் குறிப்பாக மாறிவிடுகிறது. அவள் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"மாமா, இப்போ பேசுறது யாரு?"

நான் ஏற்கெனவே படித்தவன் என்பதால் சொல்லிச் சொல்லிக் கொண்டுபோனேன். அதுவே தப்பாகிவிட்டது. இல்லையென்றால் அன்றைக்கே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் எனக்கு ஆபீஸில் மாதக் கடைசி வேலை. நாலு நாள் போகவில்லை. அவளே தனியாகப் படித்திருக்கிறாள். ஐந்தாம் நாள் போனபோது புத்தகம் டி.வி. மேல் கிடந்தது. ஏன் படிக்கவில்லை என்று கேட்டேன். முதலில் பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வரல மாமா. ஒரு கப்பல் வருதுன்னு சொல்றாங்க. அப்புறம் அது என்னாச்சுன்னே புரியல. திருப்பித் திருப்பி மூணு தடவை படிச்சேன். படிச்சதே வர மாதிரி இருக்கு."

படித்ததேதான் வந்திருக்கிறது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 64-ஆம் பக்கக் கடைசியில், இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் நிற்கிற காவல்காரர் தூரத்தில் ஒரு ரஷ்யக் கப்பல் தாறுமாறாக வருவதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு இந்நேரத்துக்குள் அதைப் பற்றி இன்னும் கேள்விப்படுவோம் என்கிறார். அதற்கு எதிரே இருப்பது 49-ஆம் பக்கம். 49 முதல் 64 வரை மறுபடியும் அப்படியே. அதற்கு அடுத்தது 81. நடுவில் 65 முதல் 80 வரை பதினாறு பக்கம் கிடையாது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: பாரம் என்கிற பதினாறு பக்கக் கட்டு ஒன்று விட்டுப்போய், அந்த இடத்தில் முந்தைய பாரத்தையே இரண்டாம் முறை வைத்து பைண்டிங் செய்திருக்கிறார்கள்.

காணாமல் போன அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? டிராகுலாவை ஏற்றி வருகிற டிமீட்டர் கப்பலின் கதை. என்னைக் கேட்டால் நாவலிலேயே உச்சமான இடம் அதுதான். வர்ணா துறைமுகத்தில் ஜூலை 6-ஆம் தேதி மணலும் மண்பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. கேப்டனோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். கேப்டன் தேதி போட்டு லாக் எழுதிக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு ஆளாகக் காணாமல் போகிறார்கள். கப்பலில் யாரோ இருக்கிறார்கள் என்று மாலுமிகள் சொல்வதை அவர் முதலில் நம்புவதில்லை. கடைசியில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட்டும் கடலில் குதித்துவிட, கேப்டன் தன் கையைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு நிற்கிறார். கப்பல் புயலில் கரை ஏறும்போது சுக்கானைப் பிடித்திருப்பது பிணம். ஒரு பெரிய நாய் குதித்து இருட்டில் ஓடுகிறது. இத்தனையும் இல்லாமல் என் அக்கா பெண் 81-ஆம் பக்கத்துக்குப் போனால், லூசியின் கழுத்தில் இரண்டு சின்னத் துளைகள். எப்படி வந்தன? அதுவும் அந்தப் பதினாறு பக்கத்தோடு போய்விட்டது.

அதைப் புரியவில்லை என்று ஒரு பிள்ளை தன் ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். 99 ரூபாய் போனது எனக்குப் பெரிதில்லை. இதுதான் ஆறவில்லை. முதல் தடவை படிக்கிறவர்களுக்குப் புத்தகம் தப்பாக இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. அச்சில் வந்திருக்கிறதே, நமக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்துவிடுவார்கள். மலிவுப் பதிப்பை வாங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தானே.

அன்று ராத்திரி உட்கார்ந்து மீதியையும் பார்த்தேன். பெட்டிக் கணக்கு வருகிற இடத்துக்குப் போனேன். ஐம்பதில் ஆறு பெட்டி லண்டனில் மைல் எண்ட் என்ற இடத்தில், ஆறு பெர்மண்ட்சியில், ஒன்பது பிக்காடில்லியில், மீதி இருபத்தொன்பது டிராகுலா வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டிலேயே. கூட்டினால் சரியாக ஐம்பது. கதையே அந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகிறது. இந்தப் பதிப்பில் கார்ஃபாக்ஸில் 'ட்வென்டி' என்று வரி முடிகிறது, ஒரு சின்னக் கோடு. அடுத்த வரியில் வர வேண்டிய 'நைன்' இல்லை. இருபதுதான் என்றால் ஒன்பது பெட்டி எங்கே போயிற்று என்று படிக்கிறவர் கடைசி வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரே எழுத்தாக மாற்றியதை ஒருவரும் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் இப்படித்தான் வரும். கடைசியில் ஏழு வருடம் கழித்து ஹார்க்கர் எழுதுகிற குறிப்பு ஒன்று உண்டு. அதுவும் இல்லை. நவம்பர் 6-ஆம் தேதி சூரியன் மறைவதோடு புத்தகம் முடிந்து, அடுத்த பக்கத்தில் வேறு புத்தகங்களின் விளம்பரம்.

மலிவாக விற்பதை நான் குறை சொல்லவில்லை. ஸ்டோக்கர் 1912-இல் இறந்துவிட்டார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது வருடம் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாருக்கும் ராயல்டி தர வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. அதனால் 99 ரூபாய்க்கு ஒழுங்கான டிராகுலா கொடுக்க முடியும். கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'முழுமையான பதிப்பு' என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே அரைகுறையை வைப்பதுதான் ஏமாற்று.

மறுநாள் புத்தகத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் 64-ஆம் பக்கத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "இன்னா சார், நூறு ரூபா புக்குக்கு வந்து நிக்கிறீங்க? பேய்க்கதை தானே, ரெண்டு பக்கம் போனா இன்னா?" என்றார். வேறு பிரதி மாற்றிக் கொடுங்கள் என்றேன். மேசையில் இருந்த ஐந்து டிராகுலாவையும் நானே திறந்து பார்த்தேன். ஐந்திலும் 64-க்கு அடுத்து 49. அதை அவரிடம் காட்டினேன். அதே ஐந்தையும் தட்டி அடுக்கி மறுபடி மேசையிலேயே வைத்தார். நான் அங்கே நிற்கும்போதே ஒரு அம்மா தன் பையனுக்கு அதில் ஒன்றை எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

'திரும்பப் பெறப்படாது' என்று ஸ்டாம்ப் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவும் பணத்தைத் தரவும் மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. பில்லில் நாள் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. ஒழுங்கான பில் தராததும் அதே வகைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் கடைப் பெயர் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு பேசுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் காசு கொடுக்கும் முன்பே பெயர், முகவரி உள்ள பில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டிராகுலா என்று இல்லை, பழைய நாவல் எதை வாங்கினாலும் நின்ற இடத்திலேயே பக்க எண்ணை விரலால் ஓட்டிப் பாருங்கள். முக்கியமாகப் பதினாறு பதினாறாகத் தாண்டுகிற இடங்களை. டிராகுலா என்றால் அத்தியாயம் 27 இருக்க வேண்டும். ஏழாவது அத்தியாயம் ஒரு பத்திரிகைத் துணுக்கோடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஆள் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். தேதிதான் எல்லாம் என்று நாவலில் மினாவே சொல்கிறாள். எல்லாருடைய தாள்களையும் டைப் அடித்துத் தேதி வரிசையில் அடுக்கிய பிறகுதான் அவர்களுக்கு வழியே பிறக்கிறது. உள்பக்கத்தில் வெளியீட்டாளர் முகவரியும் வருடமும் இல்லாத பிரதியைத் தொடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். டிராகுலாவைத் தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுகிற வான் ஹெல்சிங் பேசுகிற ஆங்கிலம் இலக்கணப் பிழையோடுதான் இருக்கும். அவர் டச்சுக்காரர், ஸ்டோக்கர் வேண்டுமென்றே அப்படி எழுதினார். விட்பியில் ஸ்வேல்ஸ் என்ற கிழவர் பேசுவதும் அகராதியில் கிடைக்காது. நம் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் பேசுவதைக் காதில் விழுந்தபடியே எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. அவற்றை அச்சுப் பிழை என்று நினைத்து நல்ல பதிப்பை ஒதுக்கிவிடாதீர்கள்.

போன சனிக்கிழமை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தேடி ஒரு டிராகுலா வாங்கினேன். 120 ரூபாய். தாள் மஞ்சளாகிவிட்டது, முதுகில் டேப் ஒட்டியிருக்கிறது. ஆனால் நூல் போட்டுத் தைத்த பைண்டிங், ஒரு பக்கம் குறையவில்லை. கடைக்காரரே எண்ணிப் பார்த்துக் கொடுத்தார். அக்கா பெண் அன்றே ஏழாவது அத்தியாயத்தைப் படித்து முடித்தாள். ஒரு இடத்தில்கூட என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. கேப்டன் கையைக் கட்டிக்கொள்கிற இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த விற்பனைக்காரர்கள் பெரம்பூரைக் காலி செய்துவிட்டார்கள். நேற்று திருவொற்றியூர் தேரடி மெட்ரோ பக்கத்துச் சுவரில் அதே நோட்டீஸைப் பார்த்தேன், அதே 99, அதே மூன்றுக்கு 250. அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பமாம். போகிறவர்கள் தயவுசெய்து 64-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.