இனேவா, சைகாசாக்கியா: கடலோரத்துக்கு ஒரு நாள்

கியோட்டோவிலோ ஒசாகாவிலோ தங்கிக்கொண்டு ஒரு நாளைக் கடலோரத்துக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு மீனவ ஊர்களைச் சொல்வேன். வடக்கே, ஜப்பான் கடலைப் பார்த்த தாங்கோ தீபகற்பத்தில் இனே. தெற்கே வகயாமா நகரத்தை ஒட்டி சைகாசாக்கி. இரண்டுக்கும் போயிருக்கிறேன். மறுபடி ஒன்றுக்குத்தான் போகலாம் என்றால் எனக்கு இனேதான். ஆனால் அங்கே எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சைகாசாக்கி சுலபம். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும், அப்புறம் உள்ளூர் பஸ். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கீழே சின்னத் துறைமுகம். மதியத்துக்கு மேல் படகுகள் திரும்பியதும் மீனவக் குடும்பங்கள் படகிலிருந்தே மீன் விற்கிறார்கள். அந்த நேரத்துக்குப் போனால் ஊர் உயிரோடு இருக்கும். பக்கத்திலேயே வகானோஉரா விரிகுடா. 1621-இல் கட்டிய கிஷூ தோஷோகு கோயிலின் 108 படிகள் ஏறினால் கடல் நன்றாகத் தெரியும். காலையில் தாமதமாக எழுந்தாலும் போய்வரலாம். நான் அங்கே அரை நாள்தான் இருந்தேன், அதனால் ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்வது சரியாகாது.

இனேயின் விரிகுடாவைச் சுற்றி, சுமார் 5 கிலோமீட்டர் கரையில், ஏறக்குறைய 230 ஃபுனாயாக்கள், அதாவது படகு வீடுகள், தண்ணீரில் கால் வைத்தபடி வரிசையாக நிற்கின்றன. கீழ்த்தளம் படகு நிறுத்த, மேல்தளம் வலையும் சாமான்களும் வைக்க. கடலை ஒட்டி இப்படி வீடு கட்ட முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. விரிகுடா தெற்கே பார்த்திருப்பதால் ஜப்பான் கடலின் குளிர்காலச் சீற்றம் நேராக உள்ளே வராது. வாயிலில் இருக்கும் ஆவோஷிமா தீவு அலையைத் தடுக்கிறது. ஏற்றவற்றமும் அங்கே மிகக் குறைவு. இன்றைய படகுகள் பெரிதாகிவிட்டதால் பல வீடுகளுக்குள் நுழைவதில்லை, வெளியே கட்டி வைக்கிறார்கள். மேல்தளங்கள் சில விடுதிகளாகிவிட்டன. 2005-இல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது.

இனி போகும் வழி. கியோட்டோ, ஒசாகாவிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்கள் பைன்மர மணல்திட்டுள்ள ஆமனோஹாஷிடாத்தே, இனே இரண்டையும் ஒரே நாளில் காட்டுகின்றன. சில பஸ்கள் மியாமாவின் கூரை வேய்ந்த வீடுகளையும் சேர்த்துக்கொள்கின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இனேக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. அதில் 25 நிமிடப் படகுச் சவாரி, கடற்பறவைகளுக்குத் தீனி போடுவது, படம் எடுப்பது என்று முடிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வீடுகளின் வரிசை தெரியும், ஊர் தெரியாது. தெருவில் நடக்கும்போதுதான் ஒரு பக்கம் ஃபுனாயா, எதிர்ப்பக்கம் மலையடிவாரத்தில் அதே குடும்பத்தின் குடியிருப்பு வீடு என்ற அமைப்பே புரிகிறது. 1754-இலிருந்து நடக்கும் முகாய் சாராய ஆலையும் அந்தத் தெருவில்தான். சிவப்பரிசியில் காய்ச்சும் அவர்களின் சாக்கே இளஞ்சிவப்பாக இருக்கும்.

அதனால் ரயிலும் பஸ்ஸுமாகச் சொந்தமாகப் போவதையே சொல்வேன். கியோட்டோவிலிருந்து ஹாஷிடாத்தே விரைவு ரயிலில் ஆமனோஹாஷிடாத்தேக்கு இரண்டு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலை முதல் ரயிலைப் பிடித்தால் இனேயில் மூன்று, நான்கு மணி நேரம் நிதானமாக இருக்கலாம். இதில் இழப்பு என்னவென்றால் ஆமனோஹாஷிடாத்தேயின் 3.6 கிலோமீட்டர் பைன்மர மணல்திட்டை முழுக்க நடக்க நேரம் இருக்காது. ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்று அது என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்கலாம் என்பேன். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதன் தொடக்கத்தையாவது எட்டிப் பார்த்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது திரும்பும் பஸ். அடிக்கடி கிடையாது, அதைத் தவறவிட்டால் நேர் ரயிலும் போய்விடும். ஊரில் இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் சலுகைச் சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடைசிப் பகுதி கியோட்டோ தாங்கோ ரயில்வேயுடையது. நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் பாஸ் அங்கே செல்லாது, கான்சாய் வைடு ஏரியா பாஸ் செல்லும்.

வாடகைக் கார் ஓட்டியதில்லை. இந்திய சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஜப்பானில் செல்லும், சாலையும் நம் ஊர் போல இடப்பக்கம்தான். நான்கு பேராகப் போகிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். குளிர்காலத்திலும் போனதில்லை. இனேயின் புரி மீனுக்கு அதுதான் காலம், ஆனால் அந்தப் பக்கம் பனி விழும். சிறு குழந்தைகளோ முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட வந்தால் சுற்றுலா பஸ்தான் நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்திலும் மீன்தான் பிரதானம்.