வில்லியம் பாஃபினா, ஜான் கேபட்டா?

குளிர் மைனஸ் 35 டிகிரியைத் தொடும் கனடாவின் வின்னிபெக் மாதிரி ஊரில் கொடி ரோஜா வைக்க நினைத்தால், பேச்சு கடைசியில் இந்த இரண்டு ரகங்களில்தான் வந்து நிற்கும். இரண்டையும் உருவாக்கியவர் ஒட்டாவாவின் அரசு வேளாண் ஆராய்ச்சியாளர் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா. கேபட் 1978இல் வந்தது, பாஃபின் 1983இல்.

பூவை மட்டும் பார்த்தால் என் ஓட்டு கேபட்டுக்கு. ஏறக்குறைய 40 இதழ், சிவப்பை ஒட்டிய ரோஸ் நிறம். பாஃபினில் இதழ் அதில் பாதிதான், ஆனால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வாசனையை இரண்டிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வித்தியாசம் தெரிவது மே மாதம், கத்தரிக்கோலை எடுக்கும்போது. வெட்டிய தண்டின் உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் போச்சு. கடும் குளிருக்குப் பிறகு கேபட்டில் பழுப்பு கூடுதல். தரையோடு வெட்டினாலும் துளிர்க்கும், ஆனால் பந்தலில் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். பாஃபின் பெரும்பாலும் நுனி மட்டும் கருகி, உயரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். முள்தான் பொல்லாதது, தோல் கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

அதனால் வின்னிபெக்கில் பாஃபின். குளிர் அவ்வளவு கடுமையாக இல்லாத மாண்ட்ரியல் பக்கம் என்றால் தயங்காமல் கேபட். எதுவானாலும் சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுச்செடியின் மேல்பாகம் செத்துப்போனால், அடியிலிருந்து துளிர்ப்பது வேறு ரோஜா.