இரைப்பை இல்லாதவனுக்கு மூன்று குவளை சர்க்கரைக் கரைசல்: ஓர் எச்சரிக்கை

புற்றுநோய்க்காக என் இரைப்பையை முழுவதுமாக நீக்கி, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தபோது, 68 கிலோவாக இருந்த எடை 59 ஆக இறங்கியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை கொடுத்த தாளில் உணவைப் பற்றி இருந்தது 'எளிதில் செரிக்கக்கூடிய உணவை உண்ணவும்' என்ற ஒற்றை வரிதான். செரிப்பதற்கு உரிய உறுப்பையே எடுத்துவிட்டு எழுதிய வரி அது. அந்த வெற்றிடத்தில்தான், புற்றுநோய்க்குப் பிந்தைய ஊட்டச்சத்துக்கென்றே தனித்திறன் பெற்றவர் என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொண்ட ஓர் ஆலோசகர் கைப்பேசி வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அவர் அனுப்பியவை இரண்டு: ஓர் உணவு அட்டவணை, சத்துப்பொடி டப்பாக்கள் ஆறு. நாளொன்றுக்கு மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வேளையோடும் ஒரு பெரிய குவளைப் பொடிக் கரைசலைக் குடிக்க வேண்டும் என்பது அட்டவணையின் சாரம். எவ்வளவு இரைப்பை எடுக்கப்பட்டது, மீதியை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் குவளையை வைத்துக் கால் மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கியது, நெஞ்சு படபடத்தது, சட்டை வியர்வையில் நனைந்தது, பிறகு கழிப்பறைக்கு ஓட்டம். அதைவிட அச்சமூட்டியது இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. கை நடுங்கி, கண் இருட்டி, பேச்சே குழறியது. என் மனைவி தம் சர்க்கரை அளக்கும் கருவியை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அபாயகரமாக இறங்கி 48 என்று காட்டியது. ஆலோசகரை அழைத்துச் சொன்னதற்கு, "ஐயா, அது உடம்பில் தேங்கியிருந்த நச்சு வெளியேறுவதன் அடையாளம், விடாமல் குடியுங்கள்" என்றார். நம்பிக்கொண்டு பதினொரு நாள் குடித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், டப்பாவின் பின்புறம் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து என் மகள் படித்தாள். முதல் பொருள் சர்க்கரை, இரண்டாவது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது உடலில் விரைந்து சர்க்கரையாக மாறும் ஒரு மாவுப்பொருள். புரதம் 100 கிராமுக்கு 9 கிராம் மட்டுமே. இரைப்பை உணவைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுகிற ஒரு மதகு. மதகு போனபின், இனிப்புக் கரைசல் ஒரே பாய்ச்சலில் சிறுகுடலுக்குள் இறங்கி, இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. கால் மணி நேரத்தில் எனக்கு வந்த படபடப்பு அதனால்தான். அதே சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறி, கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்க, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை அளவு சரிகிறது. இவ்விரண்டுக்கும் 'டம்பிங்' என்று பெயர் உண்டு என்பதையும், இதில் நச்சு எதுவும் வெளியேறுவதில்லை என்பதையும் பின்னர் முறையாகப் படித்த உணவியல் வல்லுநர் ஒருவர் விளக்கினார்.

பொடியைவிடப் பெரிய தீங்கு வேறொன்று. "பொடியிலேயே வைட்டமின் பி12 இருக்கிறது, ஊசி எதற்கு?" என்று ஆலோசகர் சொன்னதைக் கேட்டு மாதாந்திர ஊசியை ஒரு முறை தவறவிட்டேன். உணவிலுள்ள பி12 உடலில் சேர்வதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பை முழுவதும் போனவருக்கு அது இல்லை. வாய்வழியாகக் கொடுப்பதானால் 1000 மைக்ரோகிராம் போன்ற பெரிய அளவு வேண்டும்; பொடியில் இருந்ததோ ஒரு வேளைக்கு 1 மைக்ரோகிராம். கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்குவதால் குறை உடனே வெளியே தெரியாது. அதே ஆலோசகரிடம் ஏமாந்த ஒரு பெண்மணியை மருத்துவமனை வரவேற்பறையில் சந்தித்தேன். ஊசியைக் கைவிட்டு இரண்டரை ஆண்டுகள் பொடியை நம்பியிருந்த அவருக்குப் பாதங்கள் மரத்து, தரை பஞ்சு போலத் தோன்றுகிறதாம். பொடியில் தாராளமாக இருந்த ஃபோலிக் அமிலம் இரத்தச்சோகையைத் தலைகாட்டவிடாமல் மறைத்துவிட, நரம்புச் சேதம் ஓசையின்றி நடந்துகொண்டே இருந்தது என்று அவருடைய மருத்துவர் கூறியிருக்கிறார். மாதவிடாய் நிற்காத வயதில் இரும்புச்சத்துக் குறையும், நின்றபின் எலும்புத் தேய்வும் பெண்களைக் கூடுதலாக வாட்டும். ஆண்களுக்கும் எலும்பு தேயும், ஆனால் பெரும்பாலும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பேச்சோடு பேச்சாக இருவரும் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அவருக்குப் பகுதி இரைப்பை இன்னும் இருக்கிறது, எனக்கு எதுவுமே இல்லை என்ற வேறுபாட்டுக்கு அதில் இடமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திறந்த டப்பாவைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். திறக்காத ஐந்தைப் பற்றிக் கேட்டபின் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

இப்போது என் சாப்பாடு நாளுக்கு ஏழு சிறு வேளைகள். முட்டையோ பருப்போ, புரதம்தான் முதலில் வாய்க்குள் போகிறது. நன்றாக மென்று கூழாக்கி விழுங்குகிறேன். தண்ணீர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ பின்போதான். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்குவதில்லை. எடை 61 கிலோவில் நிற்கிறது.

உங்களுக்கும் அப்படி ஓர் அட்டவணை வந்திருந்தால் அதன் ஏழாவது வரியைப் பாருங்கள். 58 வயது ஆணாகிய எனக்கு அனுப்பியதில், 'மாதவிடாய் நாட்களில் ஒரு கரண்டி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளவும்' என்று இருந்தது.