ஷெட்யூல் மென்பொருள், 5 வருஷம் கழித்து: 5, 5, 5

ஆத்தூரில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் என் டிப்ளமோ கால நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, நீ வச்சிருக்கிற அந்த ஷெட்யூல் சாஃப்ட்வேருக்குத் தள்ளுபடி போட்டிருக்கான். வாங்கட்டுமா?" அதே மென்பொருளுக்கு நான் முழு விலை கட்டிப் புதுப்பித்து அன்றோடு ஒன்பது நாள். இதில் அந்த எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெயர் வேண்டாம். எந்த வேலை எந்த நாளில் என்று அட்டவணை போடும் இந்த வகையில் எதை வாங்கினாலும் உள்ளே ஓடும் கணக்கு ஒன்றுதான். வேலைகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் முன்னாலிருந்து நாட்களைக் கூட்டிக்கொண்டே போகும், பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வரும். போகும்போது அம்புகள் சேரும் இடத்தில் பெரிய எண், திரும்பும்போது பிரிந்த இடத்தில் சின்ன எண். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதி தள்ளிப் போகாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பது. எங்கள் சைட்டில் அதற்குச் சாவகாசம் என்று பெயர். 1957ல் அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய முறை. அதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஐந்து வருஷத்தில் ஒரு நாளைக்கூட அது தப்பாகக் கூட்டியதில்லை.

என் சண்டையெல்லாம் 'டோட்டல் ஃப்ளோட்' என்று ஓரத்தில் வரும் அந்த ஒரு வரிசையோடுதான்.

ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் வேலை. சென்ட்ரிங் பிரித்து முடிந்தது 30ஆம் நாள். அங்கிருந்து இரண்டு கிளை. உள்ளே பூச்சு 12 நாள், அப்புறம் டைல்ஸ் 10 நாள், 52ல் முடியும். வெளியே செப்டிக் டேங்க் குழி 5 நாள், தொட்டி கட்ட 8, பைப் லைன் 4, 47ல் முடியும். இரண்டு கிளையும் வந்து சேர்ந்தால்தான் பாத்ரூம் ஃபிட்டிங். ஆக, வெளிக் கிளைக்கு 5 நாள் சாவகாசம். மூன்று வேலைக்கும் சேர்த்து 5. மென்பொருள் எப்படிக் காட்டியது தெரியுமா? குழிக்கு 5, தொட்டிக்கு 5, பைப்புக்கு 5. ரேஷன் கார்டுக்குக் கார்டு அளந்து போட்ட மாதிரி.

நானும் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து மூன்று பேர் கையிலும் கொடுத்தேன். குழி தோண்டியவர்களுக்கு இரண்டடியிலேயே பாறை. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை மலை, கடப்பாறை போட்டால் கடப்பாறைதான் வளையும். 5 நாள் போனது, குற்றம் சொல்ல முடியாது. தொட்டி கட்டும் மேஸ்திரிக்குச் செங்கல் லோடு மழையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அதில் 2 நாள் நியாயம், மீதி 3 நாள் அவர் ஊர்த் திருவிழா. அவருக்கும் 5. கடைசியாக பிளம்பர், ஒரு காரணமும் இல்லாமல்: "பேப்பர்லயே எனக்கு அஞ்சு நாள் போட்டுக் குடுத்திருக்கீங்களே சார்?" 47ல் முடிய வேண்டியது 62ல் முடிந்தது. பாத்ரூம் ஃபிட்டிங் 10 நாள் தள்ளிப் போனது. சொன்ன தேதிக்கு முடித்த ஒரே ஆள் டைல்ஸ் மேஸ்திரி. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் தாளிலும் 5 என்றுதான் இருந்தது. அது பொதுப் பானைச் சோறு, முன்னால் வந்தவர் தின்றால் பின்னால் வருபவருக்கு இல்லை என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

'ஃப்ரீ ஃப்ளோட்' என்று இன்னொரு வரிசையும் உண்டு, நாமே தேடி இழுத்து வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன்: 0, 0, 5. அடுத்த வேலையின் தொடக்கத்தை நகர்த்தாமல் எவ்வளவு தாமதிக்கலாம் என்பதுதான் அந்த எண், சரியான கணக்குதான். ஆனால் பாறையோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பூஜ்யம், காரணமில்லாமல் தாமதித்த பிளம்பருக்கு மொத்தமும்! இதையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அதே காட்டேஜில் ரூஃப் கான்கிரீட் போட்டது ஒரு சனிக்கிழமை. ஸ்பான், அதாவது தாங்கும் சுவர்களுக்கு நடுவில் உள்ள தூரம், 4.5 மீட்டருக்கு மேல் போனால் கீழே தாங்கும் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கான்கிரீட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது என்பதால் அந்தக் காத்திருப்புக்கு மட்டும் ஏழு நாள் காலண்டர் வைத்தேன், ஆட்களுக்கு ஆறு நாள். கிரிட்டிக்கல் பாத்தில், அதாவது ஒரு நாள் தாமதித்தாலும் முடிவுத் தேதியே தள்ளிப் போகும் வேலைச் சங்கிலியில், முன்னும் பின்னும் எல்லாம் பூஜ்யம், நடுவில் முட்டுக்கு மட்டும் 1 என்று காட்டியது. பிழை என்று நினைத்து ராத்திரி பன்னிரண்டு வரை திட்டிக்கொண்டே துருவினேன். பிழை இல்லை. 14ஆம் நாள் சனிக்கிழமை, பிரிக்க ஆள் வருவது திங்கள். கான்கிரீட் இன்னும் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நான் கவனிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அது கண்டுபிடித்து வைத்திருந்தது. அன்றைக்கு அதன் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

மைனஸ் ஃப்ளோட் பற்றி ஒன்றுதான். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் திறக்க வேண்டும் என்று ஓனர் சொன்ன தேதியைப் பூட்டினேன், எல்லாம் சிவப்பில் மைனஸ் 10, அதாவது பத்து நாள் போதாது. அவர் பார்த்துவிட்டு, "மைனஸ்னா பத்து நாள் மிச்சம்தானே தம்பி?" என்றார்.

நண்பனிடம், "வாங்காதே, சார்ட் பேப்பரும் பென்சிலும் போதும்" என்றுதான் சொன்னேன். "அப்ப நீ எதுக்குக் கட்டின?" என்றான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இப்போது அந்த டோட்டல் ஃப்ளோட் வரிசையை மறைத்து வைத்திருக்கிறேன். பிரிண்ட் யாருக்கும் கிடையாது. சைட் சுவரில் கிளைக்கு ஒரே ஒரு எண், சாக்பீஸில். யார் ஒரு நாள் எடுத்தாலும் அழித்துக் குறைத்து எழுத வேண்டும். நேற்று அதே பிளம்பர் போன் செய்து, "சார், இந்த வேலைல எனக்கு எத்தனை நாள் சாவகாசம்?" என்றார்.

"குழி தோண்டுறவங்களைக் கேளுங்க" என்றேன்.