முதுகு ஊசிக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ஆடி மாதம் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிற வலி வந்தது. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு விலகியிருக்கு, முதுகுல ஒரு ஊசி போட்டா இன்னைக்கே நடந்து போகலாம்" என்றார்கள். மொத்தம் மூன்று ஊசி, மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால் குறைவு என்றார்கள். வலியில் அம்மா அழுதுகொண்டிருந்தார், கட்டிவிட்டேன்.

அந்த ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) என்று ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்றும் கேட்கவில்லை. "உள்ளே கூட்டிப் போயாச்சு, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்று ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார்கள்.

ஊசி போட்ட மறுநாள் இரவு கட்டிலருகே வைத்த சொம்புத் தண்ணீரை அம்மா மூன்று முறை காலி செய்தார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 412. விடிந்ததும் புதுச்சேரிக்கு ஓடினோம். ஒரு வாரம் இன்சுலின் போட்டுத்தான் இறங்கியது.

அங்கிருந்த மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். இந்த ஊசி சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். விலகிய ஜவ்வை அது உள்ளே தள்ளாது. நரம்பு அழுத்தத்தால் காலுக்கு இறங்கும் வலியைச் சில வாரம், சில மாதம் தணிக்கலாம். வெறும் இடுப்பு வலிக்குப் பெரிதாகப் பயனில்லை. பலருக்கு மாத்திரை, நடை, பிசியோதெரபி என்று 6 முதல் 12 வாரத்தில் தானாகவே குறைந்துவிடுமாம். இதில் ஒன்றையாவது முதலில் சொல்லியிருக்கலாமே! அம்மாவுக்கும் ஆறாவது வாரம் வலி திரும்பிவிட்டது.

அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, கால் செயலிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-லேயே எச்சரித்திருக்கிறது. எல்லாருக்கும் இந்த ஊசி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. என்ன மருந்து, ஊசி போகும் இடத்தைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் குத்துவீர்களா, போடாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், கால் பலமிழந்தால், சிறுநீர் அடைத்தால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மீதி இரண்டு ஊசிக்கான பணத்தை மூன்று முறை போய்க் கேட்டும் தரவில்லை. ரசீது பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.