ஹார்டி பெர்ஃபெக்ட்: எந்தக் கையால் சுற்றுவீர்கள்?

பழைய ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல் (தூண்டில் கழியில் மாட்டி லைனைச் சுற்றும் உருளை) ஒன்று வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்து, கடைசியில் இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்று மீன் பிடிக்க, இன்னொன்று என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். அபராதக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊட்டிக்காரன், இப்போது வேலை இங்கிலாந்தின் நியூகாசிலில். ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் 1907லேயே டிரௌட் என்ற குளிர்நீர் மீனுக்குப் பொரிப்பகம் வந்துவிட்டதால் அந்த மீன் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஃப்ளை ஃபிஷிங், அதாவது இறகால் பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை வீசி மீன் பிடிப்பது, கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகு, கோக்கெட் ஆற்றங்கரையில்தான். ஹார்டி கம்பெனி 1872ல் பிறந்த ஆல்ன்விக், வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எழுதுவதுதான் ஆல்ன்விக், வாயில் வருவது ‘ஆனிக்’. உதகமண்டலத்தை ஊட்டியாக்கியவர்கள் தங்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை.

முதல் ரீலை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தேன். 3⅛ அங்குலம், 140 பவுண்டு. படத்தில் பளபளவென்று இருந்தது. கைக்கு வந்து லைனைச் சுற்றும்போதுதான் விஷயம் புரிந்தது: அது வலது கையால் சுற்றுகிற ரீல். நான் வலது கையால் வீசி, இடது கையால் சுற்றுகிறவன். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் மீன் மாட்டியதும் கழியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சுற்றுவார்கள். அதனால் பழைய பெர்ஃபெக்டில் பெரும்பாலானவை அந்த வாகுதான். டிரம் கட்டுக்கு மீறி ஓடாமல் தடுக்க உள்ளே இருக்கும் பல்லைத் திருப்பிப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஹார்டியின் லைட்வெயிட் வகை ரீல்களில் அது நடக்கும், பெர்ஃபெக்டில் நடக்காது. விற்றவருக்கு எழுதினேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்று ஒரு வரி பதில் வந்தது. அதுவும் நியாயம்தானே! அதற்கப்புறம் கவனித்தால், ரீலின் பாதத்தை, அதாவது கழியில் பொருத்தும் தகட்டை, இரண்டு பக்கமும் அரத்தால் ராவியிருந்தார்கள். யாரோ தன் கழியில் பொருந்தவில்லை என்று செய்த வேலை. சேகரிப்பவர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் விலையைக் குறைப்பார்கள். படத்தில் பாதம் தெரியவே இல்லை.

இரண்டாவதை ஒரு சின்ன ஊர்ச் சந்தை வீதியில், வாரத்தில் மூன்றே நாள் திறக்கும் கடையில் வாங்கினேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். பெர்ஃபெக்ட் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது: “எந்தக் கையால் சுற்றுவீர்கள்?” அப்போதே மனசுக்குள் பாதி காசு கொடுத்துவிட்டேன். “இடது கை ரீல் இப்போது இல்லை, வந்தால் சொல்கிறேன்” என்றார். ஏழு வாரம் கழித்துச் சொன்னார். 210 பவுண்டு. பேரம் பேசிப் பார்த்தேன், சிரித்தாரே தவிர இறங்கவில்லை.

ஆனால் அந்தக் காசுக்கு அவர் ரீலை என் கண்ணெதிரே கழற்றிக் காட்டினார். உள்ளே பழைய கிரீஸ் பழுப்பாகக் கெட்டித்துப்போய் இருந்தது. துணியால் துடைத்ததும் உலோகத்தில் இரண்டு எழுத்து தெரிந்தது, அதைச் செய்த தொழிலாளியின் இனிஷியல். பால் பேரிங் எல்லாம் சரியாக உருண்டன. லைன் வெளியே வரும் வளையத்தை விளக்கடியில் பிடித்து, “பழைய வகையில் இங்கே அகேட் கல் இருக்கும். அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் லைனை அறுத்துவிடும், நகத்தால் தடவிப் பாருங்கள்” என்று சொல்லிக்கொடுத்தார். இதில் இருப்பது உலோக வளையம், கவலை இல்லை.

மூங்கில் கழி ஒன்றும் கேட்டேன். ஆறு மூங்கில் பட்டைகளை முக்கோணமாகச் சீவி ஒட்டிய ஹார்டி கழி, ‘பாலகோனா’ ஒன்றை எடுத்தார். அதோடு இருந்த இரண்டு நுனித் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒன்று மற்றதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. ஒடிந்த நுனியை வெட்டி, வளையத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். “இதை வாங்காதீர்கள்” என்று அவரே சொல்லி உள்ளே வைத்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு மர டிராயரை இழுத்தார். சால்மன் மீனுக்காக இறகு கட்டிய பழைய ஃப்ளைகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மெழுகு சொட்டினாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொட்டு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது: நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! முதுமலைச் சாலையில் விடிகாலையில் குறுக்கே ஓடுமே, அதே. இப்போது இங்கே வளர்க்கிற கோழிகளிலிருந்து எடுக்கிறார்களாம். ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. வாங்கவும் மனம் வரவில்லை.

ரீலில் குறை இல்லையா? உண்டு. கனம் அதிகம். இன்றைய கார்பன் கழியில் போட்டால் கைப்பக்கம் இழுக்கிறது, மூங்கிலுக்குத்தான் ஜோடி. மெல்லிய பட்டு லைனுக்கு அளந்து செய்த டிரம் என்பதால் பிளாஸ்டிக் பூச்சு லைனில் நாலாம் எண் (எண் கூடினால் லைன் கனம் கூடும்) சௌகரியமாக உட்காருகிறது, ஆறாம் எண்ணுக்கு முயன்று தோற்றேன். பட்டு லைனே போடலாமே என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆற்றிலிருந்து வந்து அதை விரித்து உலர்த்தி, கிரீஸ் தடவ எனக்குப் பொறுமை இல்லை.

பெர்ஃபெக்டின் சத்தம் மட்டும் எல்லோரும் சொன்னபடியே. கடந்த சனிக்கிழமை ஒரு முக்கால் பவுண்டு டிரௌட் இழுத்துக்கொண்டு ஓடியபோது ‘கிர்ர்ர்’ என்று எழுந்த சத்தத்துக்கு எதிர்க்கரையில் நின்றவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். அபராத ரீல் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வலது கையால் சுற்றுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாதம் ராவியது என்பதை இப்போதே சொல்லிவிட்டேன்.